மேலே போனால் தண்ணீர் இருக்கும்

என் வாழ்க்கையில் நான் ஏறிய முதல் மலை சுவாமிமலை. அறுபது படி. சுற்றிலும் வயலாகவே கிடக்கிற சீமையில் முருகனை எங்கே உட்காரவைப்பது என்று யோசித்து, எங்கள் ஆட்கள் தாங்களே கட்டிக்கொண்ட மலை அது. அதிலும் முப்பதாவது படியில் நின்று, செருப்பு டோக்கனைத் தேடுவதுபோல் சட்டைப்பையைத் தடவி மூச்சு வாங்கியவன் நான். இரண்டாவது மலை ஓமனில் இருந்தது. அதற்குப் படி இல்லை. உச்சியில் முருகனும் இல்லை.

ஐம்பத்து நான்கு வயதில் இந்த வேலை எதற்கு என்று ஊரில் கேட்டார்கள். தம்பி கூப்பிட்டான், போனேன் என்று சொல்லிவைத்தேன். உண்மைக் காரணம் வேறு. தம்பி ஊருக்குத் திரும்பி வந்துவிடாமல் தடுக்கத்தான் போனேன். அவன் வந்தால் தன் வயலைப் பார்ப்பான். பார்த்தால் என் கதை முடிந்தது.

கீழ்வேளூரிலிருந்து உள்ளே தள்ளி எங்கள் ஊர். கடைமடை. கல்லணையில் திறந்துவிடுகிற தண்ணீரில் மேலே இருக்கிற ஊர்க்காரர்கள் எல்லாம் நாற்று விட்டு, நடவு நட்டு, மாடு கழுவி, பிறகும் ஏதாவது மிச்சமிருந்தால் அது எங்களைத் தேடி வரும். அப்பா வைத்துவிட்டுப் போனது நான்கு ஏக்கர். அதில் மேல்பாதி வாய்க்கால் மதகை ஒட்டியது. கீழ்பாதி வடிகால் பக்கம் சரிந்தது. மூத்தவன் என்ற முறையில் பாகப்பிரிவினையை நானே நியாயமாகச் செய்தேன். நியாயமாகச் செய்ததால் மேல்பாதி எனக்கு வந்தது. தம்பி அப்போது ஓமனில் ஒரு கட்டுமானக் கம்பெனியில் சூப்பர்வைசர். "நீங்க பாத்துச் செய்ங்கண்ணே" என்று போனில் சொன்னான். பார்த்துத்தான் செய்தேன். பட்டா மட்டும் இன்னும் கூட்டுப் பட்டாவாகவே கிடந்தது.

இரண்டு பாதியையும் நானே சாகுபடி செய்து, அவன் பங்கு அரிசியைத் தஞ்சாவூரில் இருக்கும் அவன் மனைவி வீட்டுக்கு அனுப்புவது என்று ஏற்பாடு. மகளின் படிப்புக்காக அந்த அம்மா அங்கே வீடு எடுத்திருந்தார். வயல் பக்கம் வந்தால் செருப்பு கெட்டுவிடும் என்று நினைக்கிறவர். எனக்கு அது ரொம்ப வசதி.

நான்கு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஐப்பசியில் கீழ்பாதிக்குத் தண்ணீர் ஏறவில்லை. வாய்க்கால் தூர்ந்துவிட்டது என்று எல்லாரிடமும் சொன்னேன். அது பாதி உண்மை. வந்த தண்ணீரை நான் மேலேயே கட்டி நிறுத்திக்கொண்டேன் என்பது மீதிப் பாதி. ஒரு போகம்தானே, அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். தரிசாகப் போட்ட நிலத்துக்கு அடுத்த வருஷம் என்று ஒன்று கிடையாது. முதல் வருஷம் கோரை வந்தது. இரண்டாம் வருஷம் சீமைக்கருவை வந்தது. மூன்றாம் வருஷம் உள்ளே போன ஆடு வெளியே வரவில்லை.

தம்பி மாதம் ஒருமுறை கேட்பான். "நம்ம வயலு எப்படிண்ணே இருக்கு?" நான் மேல்பாதியில் போய் நின்று, கருவை தெரியாத பக்கமாகத் திரும்பி, ஒரு போட்டோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்புவேன். கீழே, "உன் வயல். கதிர் பால் பிடித்திருக்கிறது" என்று எழுதுவேன். அரிசியும் தவறாமல் போனது, என் மகசூலிலிருந்து. திருட்டிலும் எனக்கென்று ஒரு நாணயம் உண்டு. நடுவில் ஒருமுறை அவன் பத்து நாள் லீவில் வந்தான். வயலுக்குப் போகும் வழியில் பாலம் வேலை நடக்கிறது, ஆள் போக முடியாது என்று வீட்டோடு நிறுத்தித் திருப்பி அனுப்பினேன். அதைப் பொய் என்று யாரும் சொல்ல முடியாது. அந்தப் பாலம் வேலை எனக்குத் தெரிந்து பல வருஷமாக நடந்துகொண்டுதான் இருக்கிறது.

போன தை அறுவடை முடிந்ததும் அவன் போன் செய்தான். "ஒரு முக்கியமான விஷயம் பேசணும்ணே. போன்ல வேணாம். விசா, டிக்கெட் எல்லாம் போட்டுட்டேன், நேர்ல வாங்க."

ஊரோடு வந்துவிடப் போகிறான், அல்லது தன் பங்கை விற்கப் போகிறான். எதுவானாலும் வயலைப் பார்க்க வந்துவிடுவான். இரண்டையும் அவன் மனதிலிருந்து கழற்றிவிட்டு வருவது என்று முடிவு செய்தேன். கீழ்பாதி கருவையாகக் கிடப்பது என் மனைவிக்குத் தெரியும். பெட்டியில் ஊறுகாய் பாட்டிலை வைத்துக்கொண்டே சொன்னாள்: "போயி உண்மையச் சொல்லிட்டு வாங்க. வாய் வரலன்னா அங்கேயே ஏதாச்சும் வேலை தேடிக்கிட்டு இருந்துடுங்க." முப்பது வருஷத் தாம்பத்தியத்தின் கனிவு.

ஓமனில் இறங்கி ஒரு வாரம் ஆயிற்று. தம்பி கடலைக் காட்டினான், கடைத்தெருவைக் காட்டினான், அந்த முக்கியமான விஷயத்தை மட்டும் காட்டவில்லை. நானும் கேட்கவில்லை. பேச்சு ஊர்ப்பக்கம் திரும்பும்போதெல்லாம் விவசாயத்தைப் பற்றி நாலு வார்த்தை அழுதுவைத்தேன். உரம் கிடைக்கவில்லை, ஆள் கிடைக்கவில்லை, கொள்முதல் நிலையத்தில் நெல் மழையில் முளைக்கிறது, விவசாயி வீட்டுக்கு யாரும் பெண் கொடுப்பதில்லை. அவனுக்குக் கல்யாணமாகி இருபது வருஷம் ஆயிற்று என்பதைக் கவனிக்காமல் அதையும் சொன்னேன். "ஆமாண்ணே, கஷ்டந்தான்" என்று சிரித்தான். பிறகு வியாழக்கிழமை சொன்னான், நாளைக்கு லீவு, மலைக்குப் போகிறோம், அங்கே உச்சியில் உட்கார்ந்து பேசலாம் என்று.

என் தம்பிக்கு மலைப் பைத்தியம் பிடித்திருப்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. வெள்ளிக்கிழமை தவறாமல் ஏதாவது ஒரு மலை ஏறுகிறானாம். அதற்கென்று பூட்ஸ், பிடரியை மறைக்கும் தொப்பி, எத்தனை அடி நடந்தோம் என்று சொல்லும் கைக்கடிகாரம், இரண்டு கைக்கும் இரண்டு கோல். நாற்பத்தைந்து வயதுக்காரன் இரண்டு கோல் ஊன்றி நடப்பதை ஊரில் யாராவது பார்த்தால் கும்பகோணத்தில் எந்த டாக்டரிடம் காட்டுவது என்று ஆளுக்கொரு யோசனை சொல்லியிருப்பார்கள். எனக்கும் அவனுடைய பழைய பூட்ஸ் ஒன்றைக் கொடுத்தான். வரப்பிலும் சேற்றிலும் விரிந்து போன என் கால் அதற்குள் போக மறுத்தது. கட்டாயப்படுத்தி நுழைத்தோம்.

விடியும்போது மலையடிவாரத்தில் வண்டியை நிறுத்தினான். நான் அண்ணாந்து பார்த்தேன். மலை என்றால் பச்சையாக இருக்கும், மேகம் உரசும், அருவி விழும் என்றெல்லாம் காலண்டரில் பார்த்து வைத்திருந்தேன். இது சுட்ட செங்கல்லை யாரோ லாரி லாரியாகக் கொட்டிவிட்டுப் போனதுபோல் இருந்தது. ஒரு புல் இல்லை. அடிவாரத்துச் சரளையில் அங்கங்கே முள் மரம். கிட்டே போய்ப் பார்த்தேன். சீமைக்கருவை. அசல் எங்கள் ஊர்க் கருவை. கடல் கடந்து வந்தும் விடவில்லை.

"என்னண்ணே அதையே பாக்குறீங்க?"

"ஒண்ணுமில்ல. இங்கயும் இருக்கேன்னு பாத்தேன்."

"இது தண்ணியில்லாத இடத்துல வர்றதுண்ணே. நம்ம ஊர்ல எல்லாம் ஏன் வருதுன்னுதான் தெரியல."

நான் பூட்ஸ் கயிற்றைச் சரிசெய்யக் குனிந்தேன்.

அங்கே ஒரு சின்னக் கிராமம் இருந்தது. பேரீச்சந்தோப்பு. தோப்புக்குள் நுழைந்ததும் எனக்கு வயிறு எரிந்தது. சிமெண்ட் பூசிய ஒரு வாய்க்கால், ஒன்றரைச் சாண் அகலம்தான், அதில் கண்ணாடிபோல் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. மாசி மாதம். மேட்டூரில் கதவை இறக்கிவிட்டு, எங்கள் வாய்க்காலில் பையன்கள் கிரிக்கெட் ஆடுகிற மாதம். மழையே பெய்யாத இந்தப் பாலைவனத்தில் தண்ணீர் சலசலவென்று ஓடுகிறது, கேட்பாரில்லை. ஒரு கிழவர் மடையில் துணி சுற்றிய கல்லை எடுத்து அடுத்த மடையில் வைத்து, மணி பார்த்துவிட்டுப் போனார். இவ்வளவு நேரம் இவருக்கு, அப்புறம் அடுத்தவருக்கு என்று முறை வைத்து விடுகிறார்கள், இந்த வாய்க்காலுக்கு ஃபலஜ் என்று பெயர் என்றான் தம்பி. கிழவர் வைத்த கல் நகராமல் இருந்தது. கல்லை நகர்த்த ஆள் வரவில்லையா என்று நான் கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். வரவில்லை. பிழைக்கத் தெரியாத ஜனங்கள்.

வண்டிக்குத் திரும்பியதும் தம்பி என் முதுகுப் பையில் ஒன்றரை லிட்டர் பாட்டில் மூன்றை வைத்து, "தண்ணிதாண்ணே முக்கியம்" என்றான். அவன் முன்பக்கம் போன நேரம் பையைத் தூக்கிப் பார்த்தேன். ஒரு மூட்டை யூரியா கனம். நான் யோசித்தேன். கீழே வாய்க்கால் ஓடுகிறது. வாய்க்கால் என்று இருந்தால் அதற்குத் தண்ணீர் புறப்படுகிற தலைப்பு என்று ஒன்று இருக்கும். தலைப்பு எங்கே இருக்கும்? மேலே இருக்கும். பிறந்ததிலிருந்து நான் கண்ட ஒரே சட்டம் இதுதான்: மேலே போகப் போகத் தண்ணீர் கூடும், கீழே வர வரக் குறையும். எங்கள் ஊரிலிருந்து மேற்கே பஸ் ஏறினால் ஒவ்வொரு ஊருக்கும் வாய்க்காலில் தண்ணீர் ஏறிக்கொண்டே போகும். பூதலூர் பக்கம் போனால் கரை தளும்பும். கல்லணையில் கடல்போல் நிற்கும். தலைமடைக்குப் போகிறவன் எவனாவது கடைமடையிலிருந்து குடத்தில் தண்ணீர் சுமந்து போவானா? இரண்டு பாட்டிலை எடுத்து சீட்டுக்கு அடியில் தள்ளினேன். அந்த இடத்தில் மனைவி சொல்லிக் கொடுத்தபடி நானே காலையில் கிண்டிய புளிச்சாதத்தை எவர்சில்வர் டப்பாவோடு வைத்தேன்.

ஏறினோம். முதல் அரை மணி நேரம் எனக்கு மலையேற்றத்தின் மேல் எந்த வருத்தமும் இல்லை. வயலில் வேலை செய்த உடம்பு, தாங்கும் என்று தம்பியிடம் சொன்னேன். இரண்டாவது அரை மணியில் அந்தப் பேச்சை நிறுத்தினேன். எங்கள் ஊரில் ஒருவன் எவ்வளவு தூரம் நடந்தாலும் போய்ச் சேருகிற உயரம் வரப்பு உயரம்தான். நாற்பது வருஷம் நட்டதும் அறுத்ததும் இடுப்பை வளைக்கக் கற்றுக் கொடுத்திருக்கிறதே தவிர, முழங்காலைத் தூக்கக் கற்றுக் கொடுக்கவில்லை. அது இங்கே வந்த பிறகுதான் தெரிந்தது. பூட்ஸுக்குள் சுண்டுவிரல் இரண்டும் உயிரோடு இருக்கின்றனவா என்று சந்தேகம். கழற்றிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வெறுங்காலில் பத்தடி நடந்தேன். சேறு பாதத்தை ஊறவைக்கும், உரமாக்காது. திரும்ப மாட்டிக்கொண்டேன்.

தம்பி முன்னால் ஆடுபோல் தாவிக்கொண்டிருந்தான். கோலை ஊன்றி ஊன்றி நின்று, "மெதுவா வாங்கண்ணே, அவசரமில்ல" என்றான். இதைவிட மெதுவாகப் போனால் கீழே போவேன்.

எங்கே அந்தத் தலைப்பு என்று நான் இடமும் வலமும் பார்த்துக்கொண்டே வந்தேன். ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு குளம் இருக்கும், அல்லது ஒரு மதகாவது இருக்கும் என்று நினைத்தேன். கல் இருந்தது. அடுத்த திருப்பத்திலும் கல். அந்தக் காற்றில் வேர்வைகூட வெளியே வந்து நிற்பதில்லை, வந்த உடனே காய்ந்து உப்பாகிவிடுகிறது. மேலே போனால் குடித்துக்கொள்ளலாம் என்ற தைரியத்தில் கையிலிருந்த ஒரு பாட்டிலை நான் பாதி மலைக்குள் காலி செய்திருந்தேன். அதில் கொஞ்சம் முகம் கழுவியதும் உண்டு.

ஒரு பாறை நிழலில் உட்கார்ந்தபோது தம்பி கேட்டான், "ரெண்டாவது பாட்டில எடுங்கண்ணே, குடிங்க."

"அது வண்டில இருக்கு."

"மூணாவது?"

"அதுவும்."

அவன் என் பையைத் திறந்து பார்த்தான். புளிச்சாதம் இருந்தது. "ஏண்ணே?"

"மேல தண்ணி இருக்கும்ல? கீழ வாய்க்கா ஓடுதே."

தம்பி என்னைப் பார்த்த பார்வையை நான் ஒரு முறைதான் முன்பு பார்த்திருக்கிறேன், பேங்கில், என் கையெழுத்து ஒத்துப் போகவில்லை என்று சொன்ன பெண்ணிடம். பிறகு பொறுமையாகச் சொன்னான். "அது மேலேருந்து வரலண்ணே. மலைக்குள்ள எங்கயோ ஊறி, பூமிக்கடியில குடைஞ்ச வழியா வந்து, கீழதான் வெளிய வருது. மேல ஒரு சொட்டு கிடையாது."

மேலே ஒரு சொட்டு கிடையாது. அதைக் கேட்டு எனக்குத் தாகத்தைவிடக் கோபம் அதிகமாக வந்தது. நாற்பது வருஷமாக மேலே இருக்கிறவன்தான் வயிறு முட்டக் குடிக்கிறான் என்று எரிந்துகொண்டிருந்தவனை, கடைசியில் மேலே ஏற்றிவிட்டு, இங்கே கடைமடைதான் மேலே இருக்கிறது என்று சொன்னால் எப்படி இருக்கும்? ஆனால் கோபத்துக்கு நடுவிலும் ஒரு நல்லது தென்பட்டது.

"அப்ப திரும்பிடுவோம்டா. உசுரு முக்கியம். பேசறத கீழ போயி இன்னொரு நாளு பேசிக்கலாம்."

அவன் முகம் வாடியது. கொஞ்ச நேரம் மலையைப் பார்த்தான், தன் பையைப் பார்த்தான். "எங்கிட்ட இருக்குண்ணே. ரெண்டு பேருக்கும் முறை வச்சுக் குடிப்போம். இன்னும் ஒரு மணி நேரந்தான். இறங்கறது சுலபம்." பிறகு என் பையைத் தன் தோளில் மாட்டிக்கொண்டான். புளிச்சாதத்தோடு.

அதற்குப் பிறகு நாங்கள் ஏறியது தண்ணீர் முறைக் கணக்கில். கால் மணிக்கு ஒரு தடவை நிற்பான். பாட்டிலை முதலில் எனக்குத் தருவான். நான் மூன்று வாய் குடித்துவிட்டுக் கொடுப்பேன். அவன் வாயில் வைத்து எடுப்பான். முதல் இரண்டு தடவை நான் கவனிக்கவில்லை. மூன்றாவது தடவை கவனித்தேன். அவன் தொண்டை அசையவில்லை. உதட்டை மட்டும் நனைத்துக்கொண்டு மூடியைப் போட்டான். பாட்டிலில் மட்டம் நான் கொடுத்தபோது இருந்த இடத்திலேயே இருந்தது.

தண்ணீர் மட்டம் பார்ப்பது என் தொழில். மதகில் ஒரு விரற்கடை இறங்கினால் தூக்கத்தில்கூடத் தெரியும். இது தெரியாமல் போகுமா? பார்த்தேன். பார்த்துவிட்டு, அடுத்த முறை வந்தபோது மறுபடி மூன்று வாய் குடித்தேன். ஒரு வாயைக் குறைத்திருக்கலாம். குறைக்கவில்லை. என்னைப் பற்றி ஊரில் யார் என்ன சொன்னாலும் அதில் கொஞ்சம் உண்மை இருக்கும் என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

உச்சி என்பது ஒரு ஏமாற்று வேலை. அதோ என்று காட்டுவார்கள், அங்கே போனால் இன்னொன்று அதற்குப் பின்னால் நிற்கும். தாலுகா ஆபீஸில் பட்டா மாற்ற அலைந்தவனுக்கு இது புதிதில்லை. அப்படி நான்கு உச்சிகளைத் தாண்டி, இதற்கு மேல் ஏற எதுவுமில்லை என்ற இடத்துக்கு வந்தபோது வெயில் ஏறிவிட்டது. கல்லை அடுக்கி ஒரு கம்பு நட்டிருந்தார்கள். நான் அதன் பக்கத்தில் மல்லாந்து படுத்தேன். தம்பி கைக்கடிகாரத்தைப் பார்த்து ஏதோ எண்ணைச் சொல்லிச் சந்தோஷப்பட்டான்.

எழுந்து உட்கார்ந்து சுற்றிப் பார்த்தேன். கண்ணுக்கு எட்டியவரை மடிப்பு மடிப்பாகக் காய்ந்த மலை. ஒரு மனிதன் இல்லை, ஒரு வரப்பு இல்லை, எல்லைக் கல் இல்லை. யாரும் யாரோடும் சண்டை போட இடமே இல்லாத பூமி. கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது.

தம்பி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து போனை எடுத்தான். திரையில் ஒரு வயல். நான் போன கார்த்திகையில் அனுப்பிய போட்டோ. பச்சையென்றால் அப்படி ஒரு பச்சை.

"நாலு வருஷமா நீங்க அனுப்புறதத்தாண்ணே போன்ல வச்சிருக்கேன். சைட்ல எவனாச்சும் திட்டினா இதத்தான் எடுத்துப் பாப்பேன். இங்க ஏறுறவங்க எல்லாருக்கும் காட்டியாச்சு, இது என் வயலு, எங்கண்ணன் பாத்துக்கிறாருன்னு." தொண்டை வறண்டு குரல் கம்மியது. "வைகாசியோட வேலைய விடுறேன். சொல்லிட்டேன் கம்பெனில. ஆவணியில நானே என் வயல்ல விதைக்கணும். உங்களுக்கும் வயசாவுது, ரெண்டு பங்கையும் ஒத்தையாளா எத்தன நாளு பாப்பீங்க?"

பாட்டிலில் கடைசியாகக் கொஞ்சம் இருந்தது. அதை என்னிடம் நீட்டினான். "குடிங்கண்ணே. களைச்சுப் போயிருக்கீங்க."

நான் தயாரித்து வைத்திருந்த உரம், ஆள், கொள்முதல் நிலையம் எல்லாம் வரிசையாக வாய்வரை வந்தன. அவற்றைச் சொல்லியிருக்கலாம். இன்னொரு வருஷம் ஓட்டியிருக்கலாம். தண்ணீரை வாங்கிக் குடித்தேன், பாட்டிலைக் கீழே வைத்தேன், சொன்னேன்.

"டேய், அது உன் வயலு இல்லடா."

முழுவதையும் சொன்னேன். கோரை, கருவை, ஆடு, பாலம். வந்த தண்ணீரை மேலேயே கட்டியதையும் சொன்னேன். அதை மனைவியிடம்கூடச் சொன்னதில்லை.

தம்பி கத்துவான் என்று பார்த்தேன். கத்தவில்லை. போனைத் தடவி பழைய போட்டோக்களை ஒவ்வொன்றாக எடுத்து என் முன்னால் நீட்டினான்.

"இது?"

"என்னோடது."

"இது?"

"அதுவும் என்னோடதுதான்."

"முந்தின வருஷ மார்கழி? கதிர் சாஞ்சு நிக்குதே, இது?"

"அது பக்கத்து வயக்காரரோடது. எனக்கு அந்த வருஷம் புகையான் பூச்சி அடிச்சிருச்சு."

அவன் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான். வேறு சமயமாக இருந்தால் இருவரும் சிரித்திருப்போம். பிறகு போனை அணைத்தான்.

"உன் வயல், உன் வயல்னு நீங்கதானண்ணே எழுதி அனுப்புனீங்க. எல்லாத்துலயும் எழுதியிருக்கு." முதன்முறையாக என் முகத்தை நேராகப் பார்த்தான். "அப்ப அதக் குடுங்க. நாலு வருஷம் எதக் காமிச்சீங்களோ அதக் குடுங்க. கருவை நீங்க வளத்தது, நீங்க வச்சுக்கங்க."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. மேல்பாதி என் உயிர். அப்பா போன பிறகு ஒவ்வொரு வரப்பையும் நான் கையால் அணைத்தவன். ஒரு முழம் வரப்புக்காகப் பக்கத்து வயல்காரரோடு இரண்டு வருஷம் பேசாமல் இருந்தவன். பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அவன் உதடு வெடித்து, ஓரத்தில் ரத்தம் கோடாகக் காய்ந்திருந்தது. என் உதடு ஈரமாக இருந்தது.

"எடுத்துக்க" என்றேன்.

"என்னது?"

"மேல்பாதிய எடுத்துக்க. ஊருக்கு வா, பத்திரம் எழுதிக்கலாம். கீழ்பாதி எனக்கு."

நான் சண்டை போடுவேன் என்றுதான் அவன் கேட்டிருக்கிறான். அதற்குத் தயாராக இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி உட்கார்ந்திருந்தான். நான் சரி என்றதும் அந்தக் கைகளுக்கு வேலை இல்லாமல் போனது. "நெசமாவாண்ணே?" என்றான். நெசந்தான் என்றேன். அவ்வளவுதான், குலுங்கிக் குலுங்கி அழத் தொடங்கினான். அப்பா காரியத்துக்கு வந்தபோதுகூட அவன் இப்படி அழுது நான் பார்த்ததில்லை. "கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேனேண்ணே... தண்ணி பத்தல, இந்த வருஷம் உன் பங்கு தரிசுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, சரின்னு சொல்லியிருப்பேனே" என்றான். சொல்லியிருப்பான். அது எனக்கு நான்கு வருஷமும் தெரியும்.

அழுகையில் அவனுக்கு இருமல் வந்துவிட்டது. காய்ந்த தொண்டை, நிற்காத வறட்டு இருமல். முதுகைத் தடவிவிட்டேன். பழக்கத்தில் கை பாட்டிலைத் தேடிப் போனது. எடுத்து ஆட்டிப் பார்த்தேன், கவிழ்த்துப் பார்த்தேன். அவனுக்குக் கொடுக்க அதில் ஒரு சொட்டு இல்லை. அத்தனையும் நான்தான் குடித்திருந்தேன்.